முதல் வளைவில் நின்றவள்

விசில் டீச்சர் என்றால்தான் பள்ளியில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே முழிப்பார். உடற்கல்வி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆசிரியர் கூட்டத்தில்கூடச் சுவரோரமாக நின்று குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாள். "உங்கம்மா தூக்கத்துலயும் ஓடுவா, தள்ளிப் படு" என்று மகளிடம் சொல்வார் அவள் கணவர். அவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்பதால் வீட்டில் அதற்கு மேல் அவர் வாய் நீளாது.

காய்ச்சல் என்று வரும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சுளுக்கு என்றால் அழுத்திப் பார்ப்பாள். ஒன்றுமே இல்லாமல் "முடியல டீச்சர்" என்று வந்தால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "முடியலன்னு உடம்பு சொல்லாது, வாய்தான் சொல்லும். ஓடு!" என்பாள். இந்த ஒரே பேச்சால் எத்தனையோ பேரைக் கிளப்பியிருக்கிறாள். அவர்களில் சிலர் பெரியவர்களான பிறகு தேடி வந்து நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஓட வைத்தவளுக்கு, அதே பள்ளியில் படிக்கிற மகள் வாய்த்தாள் பாருங்கள். ஓடச் சொன்னால் முதல் வளைவு வரை மற்றவர்களோடு ஓடுவாள். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டுவாள். நன்றாக இருக்கும் முடிச்சை அவிழ்த்துக் கட்டுவாள். ஒரு கால் முடிந்தால் அடுத்த கால். எழுந்து கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், மறுபடியும் லேஸ். இப்படியே இரண்டு மூன்று தரம் ஆன பிறகு, மற்ற பெண்கள் மூச்சு வாங்கி நிற்கும் வேளையில், இவள் பாட்டுக்கு நிதானமாக ஓடிக்கொண்டிருப்பாள்.

அம்மாவுக்கு எரிச்சல் மூண்டது இந்தக் கடைசி ஓட்டத்தைப் பார்த்துத்தான். முடியாதவள் என்றால் போகப் போக அல்லவா துவண்டு விழ வேண்டும்? "கடைசியில ஓட முடியுதுல்ல? அப்போ முதல்லயும் முடியும். யாரை ஏமாத்துறே?" என்று கேட்டாள். மகள் குனிந்து ஷூவைப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பெண் தலை குனிந்தால் திருட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்வது அம்மாக்களின் வழக்கம்.

விளையாட்டு விழா நெருங்கியது. விசில் டீச்சரின் மகளே ஓடவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? கடைத்தெருவுக்குப் போய் லேஸே இல்லாத ஷூ ஒன்றை வாங்கி வந்தாள். பட்டையை இழுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. அதை வாங்கியபோது தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மைதானத்தில் மகள் வழக்கம்போல முதல் வளைவில் வேகத்தைக் குறைத்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். கட்டுவதற்கு ஒன்றுமில்லை. அம்மா விசிலை ஊதிக்கொண்டே கூட ஓடினாள். "நிக்காதே! தாண்டி ஓடு!" மகள் நிற்காமல் ஓடினாள். மூன்றாவது சுற்றில் தொடை இரண்டும் கல்லாக இறுகி, காலை நீட்டவும் மடக்கவும் முடியாமல் பக்கவாட்டில் சரிந்தாள். தோள் கொடுத்துத் தூக்கிய அம்மா "பரவாயில்லை, ஓடிட்டே பார்த்தியா" என்றாள்.

அடுத்த நாள் காலையில் குளியலறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் வந்து பாரேன்." போய்ப் பார்த்தாள். சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மகளின் கையில் ஊசி ஏற்றி, பாட்டில் பாட்டிலாக உப்புநீர் இறக்கினார்கள். இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தும் நிலையில் இருந்தன. சிறுநீரகம் பிழைக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம், இல்லாவிட்டால் மெஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. பிறகு கட்டிலோரம் வந்து மகளிடம் நின்று நிதானமாக விசாரித்தார்.

"ஓட ஆரம்பிச்சதுமே வலிக்குமா?"

"ஆமா."

"கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தா?"

"குறைஞ்சிடும் டாக்டர். அப்புறம் மெதுவா ஓடிட்டே இருக்கலாம். லேஸ் கட்டற நேரம் கிடைச்சாப் போதும்."

டாக்டர் தலையாட்டினார். "ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். எனக்கு என்னமோ இது பிறவியிலயே வந்த தசை நோய்னு தோணுது" என்று அம்மா பக்கம் திரும்பினார். "தசை செல் ஒவ்வொண்ணும் சர்க்கரையைச் சங்கிலியா கோத்து உள்ள சேர்த்து வெச்சிருக்கும். ஓட ஆரம்பிச்சதும் அதைத்தான் உடைச்சு எடுக்கும். அந்த உடைக்கிற நொதி உங்க பொண்ணு தசையில வேலை செய்யலைன்னு நினைக்கிறேன். சரக்கு நிறைய இருக்கு, எடுக்கத்தான் வழியில்ல."

"அப்போ கடைசியில எப்படி ஓடறா?"

"நின்னு நிதானமா போனா, ரத்தம் வழியா வேற சர்க்கரையும் கொழுப்பும் வந்து சேரும். செல் அதை எரிச்சுச் சமாளிச்சிடும். வந்து சேரத்தான் நேரமாகும். நிக்காம ஓடினா கஷ்டம். சுருங்கின தசை விரியறதுக்கும் சக்தி வேணுமே. இல்லைன்னா இறுகி, உடைஞ்சு, உள்ள இருக்கிறதெல்லாம் ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போயிடும்."

இதெல்லாம் அவளுக்குத் தெரியாத பாடமா? மழை பெய்து மைதானம் நனைந்த நாட்களில் வகுப்புக்குள் உட்காரவைத்து இதைத்தானே சொல்லி எழுத வைப்பாள்! செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா உணவை ஆக்சிஜனோடு எரித்து ஏ.டி.பி. என்கிற சக்தி மூலக்கூறாக மாற்றும், விரலை மடக்குவதற்கும் இமையைத் திறப்பதற்கும் அதைத்தான் உடம்பு செலவழிக்கும், கையிருப்பு சில நொடிக்குத்தான் வரும், உடனுக்குடன் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு மகள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அன்றிலிருந்து விசில் டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்டூல். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பயமும் இல்லை. கணவர் டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைத்தால் சாப்பிட்டாள், உப்பு இருக்கிறதா என்று நாக்குக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் வெளியில நடந்துட்டு வாயேன், நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர். "எதுக்கு?" என்று கேட்டாள். அவர் டிபன் கேரியரை அடுக்கத் தொடங்கினார். நர்ஸ் சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கும்போது மட்டும் அவளும் பார்ப்பாள். டீ. மறுபடியும் டீ. மரத்துப் போன காலைப் போல அவளே மொத்தமாகத் தனக்கு அந்நியமாக இருந்தாள்.

மெஷினுக்கு எழுதி வைத்திருந்த அன்று காலை, பையில் நிறம் வெளுத்திருந்தது. அளவும் கூடியிருந்தது. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். சிறுநீரகம் விழித்துக்கொண்டது, மெஷின் வேண்டாம் என்றார்கள். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். அவள் "சரி" என்றாள். நல்ல செய்தி என்று புரிந்தது, அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு மகள் தலையணையில் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும்னு நினைச்சேன்மா. எல்லாரும் தாங்கிக்கிறாங்க, எனக்குத்தான் தைரியம் பத்தலைன்னு."

அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீ தினம் இவ்வளவு வலியோட ஓடறியேன்னு நினைச்சுப்பேன். எனக்கு உன்னை நினைச்சா அவ்வளவு பெருமையா இருக்கும்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் கண்ணு, எனக்கும் வலிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பெருமைப்பட அம்மாவாவது மிஞ்சியிருப்பாள். அவளுக்கு அது தோன்றவில்லை.

"எனக்கு வலிச்சதே இல்லடி" என்றாள்.

மகள் தலையணையில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.