சிவப்புப் பூசிய கல்

எனக்கு இருப்புக்கொள்ளாத உடம்பு. கதிரையில் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அன்று விடியற்காலையிலேயே கேற்றடிக்கும் குசினிக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

மருமகள் பதுளைப் பக்கத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் மண்ணையும் கல்லையும் பற்றிப் படித்தவள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரத்துக் கற்குன்றுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போய் அந்தக் கல் உண்டான விதத்தைச் சொல்வதுதான் அவளுடைய புதுத் தொழில். அன்றைக்குத்தான் முதல் நடை. இது சரிவராவிட்டால் என் மகனையும் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். சும்மா சொன்னதாகத் தெரியவில்லை. அவர்கள் போனால் இந்த வீட்டில் நான் தனிக்கட்டை.

வந்தவர்கள் துணுக்காய்ப் பக்கத்து ஆசிரியைகள். நானும் கூடப் போனேன். காட்டுக்குள் நுழையுமுன் வழக்கம்போல ஆளுக்கொரு குழை முறித்து, வழித்துணைக்குப் பிள்ளையாருக்கென்று மரக்கொப்பில் போட்டுவிட்டு நடந்தோம். குன்றின் அடிவாரத்தில் எல்லாரும் ஒரேயடியாக நின்றுவிட்டார்கள். பற்றைகளுக்கு நடுவே கற்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பெயின்ற்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மருமகள் திரும்பிப் பார்த்தாள். "வாங்க, ஏன் நின்னுட்டீங்க? எங்கெங்க நின்னு பாக்கணும்னு நான்தான் நேத்து அடையாளம் போட்டேன்."

விசர்ப் பிள்ளை. இங்கே கல்லில் சிவப்பு என்றால் அதற்கு அப்பால் மிதிவெடி. வெடியெல்லாம் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது, ஆனால் கால் அதை நம்பவேண்டாமா? பெயின்ற் வாங்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்கள் திரும்புவம்," என்றார் ஓர் ஆசிரியை. "பிள்ளைகுட்டிக்காரர் எல்லோ."

திரும்பினால் எல்லாம் முடிந்தது. "பொறுங்கோ, நான் முதல் போறன்," என்றேன். மருமகளின் சப்பாத்துத் தடத்தைத் தேடித் தேடி அதன் மேலேயே கால் வைத்தேன். என் தடத்தில் அடுத்தவர், அவர் தடத்தில் அடுத்தவர்.

மேலே ஏறியதும் அவள் உற்சாகமாகத் தொடங்கினாள். "இங்க மண்ணே இல்ல பாருங்க. அடிவரைக்கும் ஒரே கல்லு. பூமிக்கு அடியில வெந்து, நசுங்கி, இப்படி வரிவரியா இறுகினது."

"மண்ணே இல்லையோ?" என்று அதே ஆசிரியை கேட்டார். "அப்ப இதுக்குள்ள ஒண்டும் புதைக்கேலாது."

மருமகளுக்கு அப்போதுதான் விளங்கியது. கீழே தெரிந்த சிவப்புக் கற்களைப் பார்த்தபடி நின்றாள்.

ஆசிரியைகள் அதற்குள் வரிசை கலைந்து, நினைத்த பக்கமெல்லாம் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் செருப்பையும் கழற்றிவிட்டார். நானும் நடந்தேன், குறுக்காலும் நெடுக்காலும், ஒரு காரணமும் இல்லாமல். கீழே பாராமல் நான் நடந்து எவ்வளவு காலம்!

"அடுத்தமுறை பள்ளிக்கூடப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறம்," என்றார் செருப்பைக் கழற்றியவர். "அந்தப் பெயின்ற்றை மட்டும் அழிச்சுவிடுங்கோ, பிள்ளை."

இறங்கும்போது, மண் தொடங்கிய இடத்தில் வரிசை தானாகவே சேர்ந்தது. "மாமி, நீங்க முன்னால போங்க," என்றாள் மருமகள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்து, என் தடத்தின் மேலேயே கால் வைத்து வந்துகொண்டிருந்தாள்.