கோல் போடாத அக்கா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அக்காவுக்கு விருது கிடைத்தது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பெண்கள் கால்பந்துப் போட்டியில் ஆண்டுதோறும் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருது. செய்தி வந்ததும் எனக்குப் பெரிய குழப்பம். அக்கா அந்த ஆண்டு முழுவதும் ஒரு கோல்கூடப் போடவில்லை.

நாங்கள் பாடாங் மேஹாவில் தோட்டத்து வீட்டில் இருந்தோம். அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்குக் கூலிமில் தொழிற்சாலை வேலை. அவர் இரவு ஷிப்டுக்குப் போகும் வாரங்களில் அக்காதான் எனக்குச் சோறு போடுவாள், தலை பின்னிவிடுவாள், பக்கத்தில் படுத்துக்கொள்வாள். கல்லூரியில் பயிற்சி முடிந்து மோட்டாரில் வந்து இறங்கும்போது அவள் காலுறையெல்லாம் சேறு அப்பியிருக்கும்.

இறுதியாட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தாள். எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி பந்தை உருட்டிக்கொண்டு பாய்ந்து வந்தாள். அக்கா குறுக்கே சறுக்கி விழுந்து, பந்தை வேலிக்கு அப்பால் செம்பனைக் கன்றுகளுக்குள் உதைத்துத் தள்ளினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பந்தைத் தொலைத்ததற்கா கைதட்டு என்று நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு கோலாச்சும் போடக் கூடாதாக்கா?" என்றேன் வீட்டுக்கு வரும் வழியில்.

"அது என் வேலை இல்லலா. அவங்கள போட விடாம பாத்துக்கறதுதான் என் வேலை."

இதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்குத் தோன்றியது.

விருது விழா ஜித்ராவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அம்மா லீவு போட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பெயரைக் கூப்பிட்டதும் அக்கா மேடைப் படிகளைத் தாவி ஏறினாள். அம்மா கைதட்ட மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிறகு நாங்கள் அரிசி சேமியாவில் செய்த மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் கோச் எங்கள் மேசைக்கு வந்தார்.

"ஸ்டேட் டீம் கேம்ப்புக்கு உன்னைக் கேக்குறாங்கம்மா. மூனு மாசம் அலோர் ஸ்டார்லயே தங்கணும். என்னா சொல்ற?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாய் நிறைய மீகூனோடு சிரித்தேன்.

"முடியாது கோச். முட்டி வலிக்குது. ரொம்ப நாளாவே இருக்கு."

"சொல்லவே இல்லயேம்மா? டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டணும் கோச்."

அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துப் போய்விட்டார். நான் ஒரு தும்மல் போட்டாலே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடும் அம்மா, அந்த முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார்.

எனக்குத்தான் கவலை தாங்கவில்லை. மறுநாள் மாலை தைலப் புட்டியை எடுத்துக்கொண்டுபோய் அக்காவின் வலது முட்டியில் தேய்த்துவிட்டேன். அவள் கண்களை மூடிக்கொண்டு, "நல்லா இருக்குலா" என்றாள். அதற்கு அடுத்த நாளும் புட்டியோடு போனேன். ஏதோ யோசனையில் இருந்தவள் இடது காலை நீட்டினாள். வலி அந்தக் காலுக்கும் பரவிவிட்டது போலிருக்கிறது என்று பயந்துபோய், இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றி அழுத்தித் தேய்த்தேன்.