கடல் ஏறி முடிவது 2.10

“ஜூன், முதல் சனி. கோச் 7.15. புளிசோறு, இரண்டு டப்பா. கடல் ஏறி முடிவது 2.10.”

அந்த நாளைப் பற்றி என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான். கடைசி வரியை, அதாவது கடல்நீர் கரையில் ஏறி முடியும் நேரத்தை, கடற்கரைப் படிக்கட்டில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதினேன். இங்கிலாந்தில் காலணித் தொழில்நுட்பம் படித்த காலம் அது. நான் காவேரிப்பாக்கம், அறைத்தோழன் ஆம்பூர். அறுபது மைல் தூரத்துக்குள் வளர்ந்தும் அந்த நாட்டுக்குப் போன பிறகுதான் அறிமுகம். கடலைப் பார்க்கலாம் என்று முடிவானதும் இருப்பதிலேயே மலிவான கோச் பஸ்ஸில் இடம் பிடித்தோம். சாப்பாடு, ஊர்ப் பக்கம் லாங் பஜார் கடைத்தெருவில் அம்மா வாங்கித் தந்த எவர்சில்வர் டப்பாக்களில் போனது.

அவன் காலில் இருந்தது அவனே தைத்த ஷூ. ஆம்பூரிலிருந்து வந்த தோல். பாடத்தின் கடைசி வேலை அதுதான்: ஒரு ஜோடி செய்து, நாற்பது நாள் தானே போட்டு நடந்து, எங்கே மடிகிறது, எங்கே தேய்கிறது என்று தினமும் எழுதி ஒப்படைக்க வேண்டும். அன்று முப்பத்தொன்பதாவது நாள். திங்கட்கிழமை ஒப்படைத்தால் வியாழக்கிழமை விமானம். ஊரில் அவன் தங்கைக்கு நிக்காஹ்.

உப்புத் தண்ணீர் பட்டால் தோல் விறைத்துப்போகும் என்று, தோல் பதனிடும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அதனால் கால் நனைக்கும் முன் ஷூவைக் கழற்றினான். ஈரம் தெரிந்த கோட்டுக்கு நாலு எட்டு மேலே, காய்ந்த மணலில் வைத்தான்.

“தண்ணி இங்க வராதுல்ல?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே கால். “வராது. ரெண்டு பத்தோட ஏறி முடிஞ்சுது. இனிமே எறங்குறதுதான்.”

“உன் நோட்டு சொன்னா சரிதான், வாத்யாரே.”

என் ரப்பர் செருப்பையும் டப்பாக்களையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு மரத்தடுப்பில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் ஏறி இறங்க மாதக்கணக்காகும். ஆம்பூரில் பாலாறு பெரும்பாலும் மணல்தான்; அதில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். இருவருமே ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்தபோது மணி மூன்று. ஷூ வைத்த இடத்தில் முழங்கால் அளவுக்குக் கீழே தண்ணீர். வலது கால் ஷூ பாசியில் சிக்கிக் கிடந்தது. இடது கால் இல்லை. கோச் கிளம்பும் நேரம் வரை தேடினோம்.

“ஒத்த ஷூவ வச்சிக்கினு இன்னா பண்றது?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஷூவில் ஒட்டிய பாசியை உதறிவிட்டு, “நாப்பதாவது நாளு கடலு போட்டு நடக்குதுன்னு எழுதிடட்டா?” என்றான். என் செருப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பையில் இருந்த இரண்டு ஜோடி சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு கோச்சில் ஏறினேன்.

அறைக்கு வந்ததும் அந்த ஒற்றை ஷூவை நல்ல தண்ணீரில் அலசி, பழைய பேப்பர் திணித்து, ஹீட்டருக்கு எட்டாத மூலையில் வைத்தான். திங்கட்கிழமை ஆசிரியர் இரண்டு வாரம் அவகாசம் தந்தார். மிச்சமிருந்த தோலில் இடது காலை மறுபடி தைக்கத் தொடங்கினான். மிச்சம் வயிற்றுப் பக்கத் தோல். வலது கால் முதுகுப் பக்கத் தோல்; இரண்டின் இழையும் சேரவில்லை. விமானத் தேதி தள்ளிப்போனது. மருதாணிச் சடங்குக்கு இருக்கமாட்டான் என்று தெரிந்த அன்று வீட்டுக்கு வெகுநேரம் உருதுவில் பேசினான்.

இதற்கிடையில், புதன்கிழமை, நூலகத்தில் கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஒன்றைப் பார்த்தேன். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அட்டவணையிலும் அந்த நாளுக்குப் பலகையில் இருந்த அதே 2.10தான்; அது தள்ளிவைக்காத பழைய நேரத்திலேயே அச்சாகியிருந்தது. கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அன்று கடல் ஏறி முடிந்தது மூன்று பத்துக்கு.

பத்து நாளுக்கு மேல் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். விமான நிலையத்துக்குப் பஸ் ஏற்றிவிடப் போனபோது சொன்னேன். பெட்டியைக் கீழே வைத்தான்.

“தெரியும். பலகைல அடியில சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. ஒரு மணி கூட்டிக்கன்னு. பார்த்தேன்.”

“அப்ப ஏன்டா சொல்லல?”

“நீ ஜாஸ்தி படிக்கிறவன். தேதி, மணி எல்லாம் தப்பாவே எழுதமாட்ட. நீ கூட்டிதான் எழுதியிருப்பன்னு நெனச்சேன்.” பஸ் வந்தது. “பேஜார் பண்ணிக்காத. போய்ட்டு வர்றேன்.”

நிக்காஹ் அன்று காலைதான் அவன் வீடு போய்ச் சேர்ந்தான். இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் இருக்கிறான். மாதம் ஒருமுறையாவது பார்க்கிறோம். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

பலகையில் அப்படி ஒரு வரி இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. என் நோட்டில் இல்லை. அன்று எடுத்த படங்களில் பலகையின் மேல்பாதிதான் விழுந்திருக்கிறது. அவன் உண்மையிலேயே பார்த்தானா, அல்லது பஸ் வருவதற்குள் என் மனம் ஆற எனக்காகச் சொன்னதா என்பதை இன்றுவரை நான் உறுதி செய்யவில்லை.