குழாயடிக்கு முன்னால் ஒரு மேடு

தொண்ணூறுகளில் அவிநாசி ரோட்டில் நெரிசல் கூடியதும், மில் வேன்களும் லாரிகளும் எங்கள் வீதியைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டன. அந்தியூர்ச் சந்தையில் குதிரை விற்கிறவர்கள் அதை ஓட்டிக் காட்டுவார்கள். வாங்க வந்தவன் ஒதுங்கி நிற்பான். அந்தப் பாய்ச்சல்தான் இந்த வண்டிகளுக்கும். குதிரைகளுக்கே ஒதுங்காதவன் நான். என் கவலையெல்லாம் வீட்டுக்காரியைப் பற்றி. வெள்ளகோவிலில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவள். காது அங்கேயே போய்விட்டது. தண்ணீர்க் குழாயோ எதிர்ச்சாரியில். ஹாரன் கேட்காமல் குடத்தோடு நடு வீதியில் போய்க்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஒரு வேன் அவள் இடுப்புக் குடத்தைத் தட்டிவிட்டுப் போனது. அன்றைக்கே வீதியோடு திரண்டு மாநகராட்சிக்குப் போனோம். ஓவர்சியர் வந்தார். "வேகத்தடை போட்டறலாமுங்க. எங்க போடட்டும்?" என்றார்.

அங்கேதான் எங்கள் ஊர் மரியாதை குறுக்கே வந்தது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"பெரிய ஊட்டுக்காரங்க இருக்கறாங்க. அவங்க வாசல்ல போட்டாத்தானுங்க மொறை," என்றார் மளிகைக்கடைக்காரர்.

"நாலு சனம் வந்து போற எடம் கடைதானுங்க. அவங்களுக்கு மொதல்ல போடுங்க," என்றார் பெரிய வீட்டுக்காரர்.

லாரி ஏறி இறங்கினால் வீடே அதிரும், தூக்கம் போகும் என்று இருவருக்கும் தெரியும். ஓவர்சியர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, பந்தியில எலையா போடறேன்? வளைவுல போட்டா வண்டி கவுந்துரும். வீதி முக்குல போட்டா, எறங்கிப்போட்டு மறுபடி வேகம் புடிச்சுருவானுங்க. குழாய்க்குச் சித்த முன்னாடி வரோணும்."

"அப்படின்னா என்ற ஊட்டு வாசல்தானுங்க. போட்டுக்குங்க," என்றேன்.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க," என்றார் மளிகைக்கடைக்காரர்.

"எதுக்கால வர்ற வண்டிக்கும் ஒண்ணு வேணுமில்லீங்க? அந்தப் பக்கம் உங்க கடைதானுங்க இருக்குது. நீங்களும் மனசைப் பெருசு பண்ணிக்குங்க."

ஓவர்சியர் தலையாட்டினார். கடைக்காரரும், "போட்டுக்குங்க," என்றார்.

தார் மேடு இரண்டும் ஆறிய பிறகு, என் மத்தியானத் தூக்கம் போனது போனதுதான். ஒருநாள் லாரி மேட்டில் தடாலென்று ஏறியபோது எட்டிப் பார்த்தேன். குடத்தோடு வீதியில் இறங்கப் போன வீட்டுக்காரி, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றாள். லாரி ஊர்ந்து கடந்தது.

"ஏனுங்க," என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "வண்டி வாரது இப்ப உள்ளங்கால்லயே தெரியுதுங்க."

காது கேட்காதவள், கத்தித்தான் பேசுவாள். கடை வரைக்கும் கேட்டிருக்கும்.