தோப்பூர் பஸ்ஸில் ஒரு சின்னக் கை

ஆசுபத்திரியில் தரை துடைக்கும் கிண்ணியா நிப்றாசுக்கு அங்கே ‘வாளி நானா’, அதாவது வாளி அண்ணன், என்று பெயர். வாந்தியோ, ரத்தமோ, கவிழ்ந்த தேத்தண்ணியோ, தரையில் எது விழுந்தாலும் ஆள் வாளியோடு வந்து நிற்பான்.

கதிரியக்க மருந்து ஏற்றிப் படமெடுக்கும் பிரிவுக்கு அவனை மாற்றியபோது அங்கே பொறுப்பாக இருந்த கீர்த்தனி மிஸ் படித்துப் படித்துச் சொன்னாள்: “நானா, இஞ்ச மருந்து சிந்தினா தண்ணி ஊத்தக்கூடாது. உறிஞ்சிற பேப்பரால மூடிப்போட்டு என்னைக் கூப்பிடுங்கோ.”

“ஓம் மிஸ், ஓம் மிஸ்.” தலையாட்டிய வேகத்தில் தொப்பி விழாதது அதிசயம்.

ஒருநாள் கீர்த்தனியின் கைதவறி மருந்துக் குப்பி உடைந்தது. கீர்த்தனி கையுறை எடுத்து வருவதற்குள் சளாரென்று ஒரு வாளி! தண்ணீர் கதவுக்குக் கீழால் ஓடி, ஆட்கள் காத்திருக்கும் விறாந்தைக்குப் போய்விட்டது.

“அல்லாஹ்வே! என்ட கை என்னைக் கேக்காம ஊத்திட்டு, மிஸ்!”

விறாந்தையில் கீர்த்தனி பிடித்த, கதிர்வீச்சைக் காட்டும் மீற்றர் கறகறவென்று கத்தியது. ஈரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன உள்ளங்கை அடையாளங்கள். தவழும் பிள்ளை ஒன்று அளைந்து விளையாடியிருக்கிறது.

“தோப்பூர்ப் புள்ள, மிஸ். தாய்க்காரி படமெடுக்கத் திகதி கேட்டு வந்திருந்த. இப்பதான் பஸ்ஸுக்குப் போன,” என்றான் நிப்றாஸ்.

“கையை வாயில வைச்சா மருந்து உள்ள போயிடும்! அந்தத் தண்ணி பட்ட செருப்பைக் கழட்டுங்கோ. கையுறை, மீற்றர், இந்தாங்கோ. ஓடுங்கோ!”

தோப்பூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நிப்றாஸ் தொற்றி ஏறினான்.

“வெறுங்காலோட எங்க? இது பள்ளிவாசலா?” என்றான் கண்டக்டர்.

முன் இருக்கைப் பிள்ளையிடம் மீற்றரை நீட்டினான். சத்தமில்லை. அடுத்த பிள்ளை, அதுவுமில்லை. “பைத்தியமா உனக்கு?” என்று ஒரு தாய் கத்தினாள். கடைசி இருக்கையில் மீற்றர் அலறியது. தாய் றுஷ்தாவின் மடியில் மின்ஹா. மணிக்கட்டு வரை கை வாய்க்குள்.

“எடுங்க தங்கச்சி! கையை எடுங்க!”

“ஆரு நீங்க? புள்ளயத் தொடாதீங்க!”

மூச்சு வாங்கி வாங்கி விசயத்தைச் சொன்னான். றுஷ்தாவின் முகம் வெளுத்தது. “ஏறின நேரத்துல இருந்து சூப்பிக்கொண்டுதானே இரிக்கி...”

ஆட்டோவில் ஆசுபத்திரிக்குத் திரும்பும்போது கை மறுபடி வாய்க்குப் போகாமல் நிப்றாஸ் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். மின்ஹா கையைக் கேட்டு வீறிட்டாள்.

“ஒண்டும் ஆகாதுதானே? சொல்லுங்களன்!”

“எனக்குத் தெரியா, தங்கச்சி. மிஸ்தான் பாத்துச் சொல்லணும்.”

“ஆரு அந்தத் தண்ணிய ஊத்தின?”

“நான்தான், தங்கச்சி.”

றுஷ்தா அவன் கையில் அடித்தாள். நகத்தால் கீறினாள். “விடுடா! என்ட புள்ளைய விடு!”

ஆட்டோ குலுங்கியது. நிப்றாஸ் விடவில்லை.