ஆறாம் நம்பர் மலைக்குப் போன பிள்ளைவண்டி

பெரிய துரை சீமைக்குப் போகிறார் என்ற செய்தி வந்த நாளிலிருந்து ஒத்தக்கல் தேயிலைத் தோட்டத்தில் வேறு பேச்சே இல்லை. பியானோ ஹட்டனுக்குப் போகிறதாம். நாய்கள் இரண்டும் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்காம். மெத்தை யாருக்கு, மேசை யாருக்கு என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தினமும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாக்கண்ணுவுக்கு அதற்கெல்லாம் காது கொடுக்க நேரமில்லை. பிள்ளைக்காம்பராவில் பதினான்கு பிள்ளைகள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போய்த் திரும்பும்வரை அத்தனையையும் பார்த்துக்கொள்ள ஆயாமார் இரண்டே பேர். அவள் ஒருத்தி, பேச்சியம்மா ஒருத்தி. பேச்சியம்மாவை ஓர் ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அம்மாக்கண்ணுவுக்கு ஏழு வருஷமாகத் தீராத சந்தேகம். எதைச் சொன்னாலும் "ஆமாக்கா" என்பாள். அதற்கு நேர்மாறாக இன்னொருத்தர் வந்து சொன்னாலும் "ஆமாங்க" என்பாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே தூங்கிவிடுவாள்; கை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்புவரை அம்மாக்கண்ணுவும் கூடை சுமந்தவள்தான். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு ஒடிந்தது. கோணலாகக் கூடிவிட்டது. இரண்டு கையாலும் விரைந்து கொழுந்து கிள்ள முடியாது என்றதும் அவளைப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். "ஒக்காந்து பாக்குற வேல" என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். ஏழு வருஷத்தில் ஒரு நாள் அவள் உட்கார்ந்திருந்தால் அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

அந்த மாதம் அவளை வாட்டியது ஆறாம் நம்பர் மலை. பால் குடிக்கிற பிள்ளைகள் மூன்று. வழக்கமாகப் பத்து மணிக்குத் தாய்மார் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் கொழுந்து இப்போது ஆறாம் நம்பரில். நல்லதண்ணிப் பாதையை ஒட்டி மேலே ஒன்றரை மைல். இறங்கி ஏற அரைமணி நேரம் எந்த மூலைக்குக் காணும்? கொஞ்சம் பிந்தினாலும் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு அரைப் பேர் போட்டு அரைநாள் கூலியை வெட்டிவிடுவார். அதனால் தாய்மார் வருவதில்லை. பிள்ளைகள் மத்தியானம்வரை கத்திக்கொண்டு கிடக்கும். கேட்கச் சகிக்காமல் அம்மாக்கண்ணுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையேற ஆரம்பித்தாள். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு. மூன்றாவதற்கு மறுபடியும் ஒரு நடை. இறங்கி வந்து பார்த்தால் காம்பராவில் எவனாவது கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்திருப்பான், பேச்சியம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் பங்களா அப்பு சோலைமலை வந்து நின்றான். பங்களாச் சமையல்காரன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அன்றைக்குப் பேசினான்.

"துரைசாணி சொல்லச் சொன்னாங்க. பங்களாவுல புள்ள வண்டி ரெண்டு கெடக்கு. ஒண்ணு காம்பராவுக்கு, ஒண்ணு கிளாக்கரம்மாவுக்கு. எது வேணும்னு நீ மொதல்ல வந்து பாத்து எடுத்துக்கணுமாம். சனிக்கெழம வா."

"ரெண்டும் எப்பிடி இருக்கும்?"

"ஒண்ணு பெருசு. ஒண்ணு சிறுசு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயந்தரத்துக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பெரிய கிளாக்கரின் மனைவி பரிமளம் ஆபீஸ் வளைவில் காத்திருந்தாள். ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ஏழாம் மாதம்.

"அம்மாக்கண்ணு, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தப் பெரிய வண்டி ஒங்க காம்பரா வாசல்ல நொழையவே நொழையாது. சின்னதுன்னா மடிச்சு மூலையில சாத்திக்கலாம். நாளைக்கு எங்க அம்மா வீட்டுலேருந்து எல்லாரும் வருவாங்க, அவங்க முன்னாடி…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "நீயே யோசிச்சுப் பாரு."

"சரிங்கம்மா," என்றாள் அம்மாக்கண்ணு. யோசிக்கத்தான் யார் விட்டார்கள்? லயத்துக்குப் போனால் வாசலில் பழனியாண்டி. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். சாதாரண நாளிலும் கூட்டத்தில் பேசுகிற குரலில்தான் பேசுவார்.

"இந்தா பாரு தங்கச்சி. சின்ன வண்டிய எடுத்துட்டு வந்தியோ, தொழிலாளி புள்ளைக்குச் சிறுசு, கிளாக்கர் புள்ளைக்குப் பெருசுன்னு ஆயிரும். இது நம்ம மானப் பிரச்சின. பெருசத்தான் எடுக்கணும்."

"அண்ணே, அதுல எத்தன புள்ள படுக்கும்னு தெரியுமா?"

"அது முக்கியமில்ல."

"ரோட்டுல ஏறுமா?"

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். நீ பெருச எடு."

உள்ளே போய்ப் படுத்தவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தி மூலையில் சாத்தச் சொல்கிறாள். ஒருத்தர் மானத்தை ஏற்றச் சொல்கிறார். பிள்ளையை ஏற்றுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மறுநாள் பேச்சியம்மாவிடம் கேட்டுத் தொலைத்தாள்.

"நீ என்னாடி சொல்ற? பெருசா, சிறுசா?"

"ஆமாக்கா."

சனிக்கிழமை பங்களா வராந்தாவில் இரண்டு வண்டியும் துடைத்து நிறுத்தியிருந்தன. பெரியது கறுப்பு. படகு மாதிரி உடம்பு, உயரமான கம்பிச் சக்கரங்கள், மழைக்குப் போர்த்த மடிப்புக் கூரை. சின்னது நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியதுபோல இருந்தது. நீலத் துணி. மடக்கினால் குடை மாதிரி சுருங்கியது. துரைசாணி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று, இரண்டையும் காட்டி, "எது வேணும்?" என்று தன் தமிழில் கேட்டாள்.

அம்மாக்கண்ணு அப்புவைப் பார்த்தாள். "அரை மூட்ட உருளக்கெழங்கு குடுப்பீங்களா?"

"எதுக்கு?"

"மூணு புள்ள பாரம்."

சோலைமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் துரைசாணி தலையசைத்ததால் கொண்டுவந்து கொட்டினான். சின்ன வண்டியில் பாதிக் கிழங்கு வைப்பதற்குள் ஆசனம் தொய்ந்தது. தள்ளினால் முன்சக்கரம் முதல் சரளைக் கல்லிலேயே சிக்கிக் கிழங்கெல்லாம் உருண்டு ஓடியது. அதுவுமில்லாமல், உட்காரத் தெரியாத பிள்ளையை அதில் எப்படி வைப்பது? பெரிய வண்டியில் முழுக்கிழங்கையும் பரப்பினாள். பங்களா வாசலின் சரிவில் தள்ளிக்கொண்டு இறங்கி, நடுச் சரிவில் சக்கரத் தடையை மிதித்துக் கையை விட்டாள். வண்டி நின்றது. காலால் ஓர் உதை விட்டாள். அப்போதும் நின்றது. திருப்பி மேலே தள்ளினாள். மூச்சு வாங்கியது; ஆனால் சக்கரம் கல்லுக்கு அஞ்சாமல் ஏறியது. இடது கையால் பிடிக்கத் தேவையில்லை, முழங்கையைக் கொடுத்தே தள்ளலாம்.

"இது போதும்மா," என்றாள்.

துரைசாணி ஏதோ இங்கிலீஷில் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"கெழங்கெல்லாம் திரும்ப மூட்டையில போடச் சொல்றாங்க," என்றான் சோலைமலை.

வண்டியைக் காம்பரா வாசலுக்குக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது, பரிமளம் சொன்னது சரி. இரண்டு விரல்கடை அகலம் காணவில்லை. கதவைக் கழற்றித்தான் உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. கழற்றிய கதவை மறுபடி மாட்ட ஆள் வரவில்லை, சாக்கைத் தொங்கவிட்டார்கள். இதற்கிடையில் பழனியாண்டி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, வண்டியின் கூரையைத் தட்டிப் பார்த்து, "போராடினாத்தான் கெடைக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். யார் போராடியது, யாரோடு போராடியது என்று அம்மாக்கண்ணு கேட்டிருப்பாள். ஒரு பிள்ளை அவள் சேலையில் வாந்தி எடுத்திருந்ததால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை துரை குடும்பம் கிளம்பிப் போனது. செவ்வாய்க்கிழமை பெரிய கிளாக்கர் காம்பராவுக்கு வந்தார். வருஷத்துக்கு ஒரு முறைகூட எட்டிப் பார்க்காத மனிதர்.

"இந்த வண்டி இப்ப தோட்டத்துச் சாமான். புதுத் தொரை வந்து எழுத்துல உத்தரவு குடுக்கிறவரைக்கும் காம்பராவ விட்டு வெளிய போகக்கூடாது. தெரியுதா?"

"வெளிய போகத்தானேங்க வண்டி? உள்ளுக்குள்ள சுத்தவா?"

"எதித்துப் பேசாத. ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"ஆமாங்க," என்றாள் பேச்சியம்மா.

மூன்று வாரம் அந்த வண்டி காம்பராவின் நடுவே யானை மாதிரி நின்றது. பாய் விரிக்க இடமில்லை. சாயந்தரம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாய்மார், "என் புள்ளைய இன்னிக்கு வண்டியில போட்டியா?" என்று கேட்டார்கள். "நேத்து அவ புள்ள, இன்னிக்கு எம்புள்ள" என்று முறை வைத்துச் சண்டை. ஒருத்தி பேசாமலே இருந்துவிட்டாள் இரண்டு நாள். அம்மாக்கண்ணு மட்டும் பழையபடி இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஆறாம் நம்பருக்கு நடந்தாள். வண்டியைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் அதன் சக்கரத்தில் முழங்கால் இடித்தது.

புதுத் துரை வந்துவிட்டார். சிங்கள இளைஞர், கண்டிப் பக்கமாம். ஆனால் உத்தரவு வரவில்லை. ஆபீசுக்கு ஆள் அனுப்பிக் கேட்டால், "தொரைக்கு ஆயிரம் வேல," என்று பதில் வந்தது.

அந்த வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே பனியும் தூறலும். பால்குடிப் பிள்ளைகள் மூன்றில் வேலாயியின் மகன், முந்தின நாள் அவள் இரண்டாம் நடை போக நேரமில்லாமல் மத்தியானம்வரை பட்டினி கிடந்தவன். பத்து மணிக்கெல்லாம் தொண்டை கட்டிப்போய், அழுகை சத்தமில்லாமல் வந்தது. சத்தம் வராத அந்த வாயைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்குள் எதுவோ அறுந்துவிட்டது.

"போதும்டா சாமி," என்றாள். சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். மூன்று பிள்ளைகளையும் குறுக்காகப் படுக்கவைத்துக் கம்பளியைச் செருகி, கூரையை இழுத்துவிட்டு, வண்டியை வாசலில் நெருக்கித் தள்ளினாள். நிலையில் உரசி ஒரு பக்கம் வண்ணம் உரிந்தது.

"அக்கா, கிளாக்கரய்யா…" என்றாள் பேச்சியம்மா. ஏழு வருஷத்தில் முதல்முறையாக ஆமா என்று சொல்லாத வார்த்தை.

"வந்தா என்னைய மலையில வந்து பாக்கச் சொல்லு."

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. இரண்டு இடத்தில் வண்டி சேற்றில் புதைந்தது. மூன்றாவது வளைவில் நெஞ்சு அடைத்தது. தடையை மிதித்துவிட்டு நின்று மூச்சுவிட்டாள். பிள்ளைகள் ஆட்டத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன. நான்காவது வளைவில், பனிக்குள்ளிருந்து ஜீப் வந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஒன்றுதான் போகலாம்.

ஜீப் நின்றது. புதுத் துரை தலையை நீட்டிப் பார்த்தார். "என்ன இது?" தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது.

வேறு நாளாக இருந்தால் அம்மாக்கண்ணு மழைக்குத் தலையில் போட்ட சாக்கை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றிருப்பாள். அன்றைக்கு ஒதுங்க இடமும் இல்லை, மனசும் இல்லை.

"புள்ளைங்க. பால் குடிக்கப் போகுதுங்க. தாய்மாரு ஆறாம் நம்பர்ல இருக்காங்க, எறங்கி வந்தா அரைப் பேரு. அதனால நாங்க ஏறிப் போறோம். வண்டிய வெளிய எடுக்கக் கூடாதுன்னாங்க, எடுத்துட்டேன். எழுத்துல வேணுமாம், எனக்கு எழுதத் தெரியாது. என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க. ஆனா மொதல்ல வழிய விடுங்க, இதுங்க முழிச்சுக்கிட்டா நானு சமாளிக்க முடியாது."

துரை இறங்கி வந்து கூரைக்குள் எட்டிப் பார்த்தார். திரும்ப ஏறி ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார். வளைவு தாண்டி அகலமான இடம் வரும்வரை, பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து, முப்பது நாற்பது கஜ தூரம். அம்மாக்கண்ணு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜீப்பின் முகத்துக்கு எதிரே நடந்தாள். மலையில் நின்ற பெண்கள் கூடையோடு அப்படியே நின்று பார்த்தார்கள். வேலாயிதான் முதலில் ஓடிவந்தாள்.

"தொரை ஒன்னைய ஏசுனாராக்கா?"

"ஏசட்டும். நீ மொதல்ல புள்ளயப் புடிடி. அங்க பதினொண்ண அவகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

மறுநாள் உத்தரவு வந்தது. பால் குடிக்கிற பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோகலாம். தாய்மார் ரோட்டுக்கு இறங்கி வந்து பால் கொடுக்கலாம். அரைப் பேர் போடக்கூடாது. பெரிய கிளாக்கர் அதைக் காம்பரா வாசலில் நின்றபடியே படித்துக் காட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். பரிமளத்துக்குச் சின்ன வண்டி போய்ச் சேர்ந்தது. பின்னால் பிள்ளை பிறந்ததும் அதில் வைத்துப் பார்த்தார்கள், சரிந்து சரிந்து விழுந்ததாம். அம்மாக்கண்ணு அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. அந்தப் பொண்ணுக்குத்தான் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்தாள்.

உத்தரவு வந்த மறுநாள், சனிக்கிழமை, பழனியாண்டி வெள்ளை வேட்டியோடு வந்தார். "பாத்தியா தங்கச்சி? சங்கத்துக்குப் பயந்துதான் தொரை உத்தரவு போட்டிருக்காரு."

அம்மாக்கண்ணு மூன்று பிள்ளைகளையும் படுக்கவைத்து, வண்டியின் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பினாள். "அப்ப இன்னிக்குச் சங்கம் தள்ளட்டும்ணே. எனக்குக் கையி வலிக்குது."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. முதல் வளைவுவரை நிமிர்ந்து தள்ளினார். இரண்டாவது வளைவில் வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்றாவதில் சக்கரம் குழியில் இறங்கியது. தூக்கக் குனிந்தபோது வேலாயியின் மகன் அவர் கைமேல் மூத்திரம் பெய்தான். பழனியாண்டி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"என்னா ரோடு இது, மனுஷன் நடக்கவா?" என்றார். அவருடைய கூட்டக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு ஆட்களும் மண்வெட்டியும் இரண்டு கூடை சரளையுமாக அவர் மூன்றாவது வளைவில் நின்றார். அம்மாக்கண்ணு துணி துவைக்கப் போகிற வழியில் பார்த்தாள்.

"அந்தப் பக்கக் குழிய விட்டுட்டீங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.