குறிப்பு என்ற கட்டம்

என் தாத்தாவின் தம்பி, உலகப் போரில் சரக்குக் கப்பலில் பீரங்கி சுட்டவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆதாரம் இல்லாமல் நாட்குறிப்பில் எதையும் நான் எழுதுவதில்லை. ஆவணக் காப்பகத்துக்கு எழுதி அவருடைய பணிப் பதிவின் நகலை வாங்கினேன். பெயருக்கு நேரே 'கலாசி' என்று இருந்தது. 'பீரங்கி பொய்' என்று அன்றே குறித்துவிட்டேன்.

வடக்குத்து கிராமத்தில் இருக்கும் அவர் மகள் எனக்கு அத்தை. முந்திரி உரித்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"கலாசின்னா?"

"கப்பல்ல கயிறு இழுக்கிறவங்க, அத்தை. சின்னத் தாத்தா சும்மா சொல்லியிருக்காரு."

அத்தையின் முகம் வாடியது.

"ஒங்க மாமா மைன்ஸ்ல இருபது வருஷம் மிஷின் ஓட்டிக்கினு இருந்தாரு. கான்ட்ராக்டர் பதிவேட்டுல என்னான்னு இருந்துச்சு?"

"ஹெல்பர்னு."

"எழுதுனது யாரு?"

நான்தான். அப்போது அந்த கான்ட்ராக்டரிடம் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் நகலைக் கடைசிவரை படித்தேன். 'குறிப்பு' என்ற கட்டத்தில் மங்கிய கையெழுத்து: 'பயிற்சி பெற்றவர். பின்தளப் பீரங்கியில் பணி.'

உடனே அத்தைக்கு போன் செய்தேன்.

"எனக்குத் தெரிஞ்சதுதானப்பா. நீ மொதல்ல ஒன் நோட்டத் திருத்து" என்று சிரித்தார்.

ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தேன். கீழே 'சின்னத் தாத்தா: பீரங்கி வீரர்' என்று எழுதினேன். அதற்கும் கீழே, இத்தனை வருடம் கழித்து, 'மாமா: மிஷின் ஆபரேட்டர்' என்றும் எழுதினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.